சீட்டில் ஒரு தேதி போட்டுத் தாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையில் குழந்தைகள் நலத் திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. சென்ற வாரம் ஒரு மாணவியின் பென்சில் டப்பாவில் அழிரப்பர் தேடினேன். அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு கிடந்தது. மடிப்பில் கிழியும் நிலை. ஒன்பது மாதத்துக்கு முன் பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு எழுதியது: வலது காதில் சீழ், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டவும்.

“இது ஏம்மா இங்க இருக்கு?”

“அம்மா பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க மிஸ்.”

பத்திரமாகத்தான் இருக்கிறது. காதில் சீழும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் நாற்றம் என்று நகர்ந்து உட்காருகிறார்கள். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்து நானே இரண்டு முறை திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இந்த வண்டி பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வரவேண்டும். எங்கள் ஊருக்கு வருகிறது. வருபவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். அந்தக் காதைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். சிக்கல் சீட்டை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அவள் அம்மா களையெடுக்கப் போகிறவர். ஒருநாள் கூலி 350 ரூபாய். அப்பா வெளியூரில் செங்கல் சூளையில். சீட்டு வந்த மாதமே அந்த அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏழு மணி டவுன் பஸ். அதில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்லது. அப்புறம் மாவட்டத் தலைநகருக்கு இன்னொரு பஸ், அதற்கு டிக்கெட் உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்க்கும்போது பதினொன்றரை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “காது எவ்வளவு கேட்குதுன்னு டெஸ்ட் எடுக்கணும், வியாழக்கிழமை வாங்க” என்றார்களாம். அந்த வியாழன் கடலை பறிப்பு. போகவில்லை. சொட்டு மருந்தும் தீர்ந்தது. இப்போது வீட்டில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுகிறார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. காலை நேர வரிசையைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் பாடு தெரியும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பிறவியிலேயே காது கேளாத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் கருவியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்துகிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, துடைத்து உலர வைத்துச் சில வாரம் மருந்து விட ஆளில்லாமல் செவிடாகிக்கொண்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது, அந்த 350 ரூபாய்க்கு எதுவும் இல்லை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாயே சுமந்து நடந்தது செய்தியானது. எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, மருத்துவமனையில் மருத்துவரும் இருக்கிறார். அதனால் எங்கள் குறை யார் கண்ணிலும் படுவதில்லை. எங்களுக்கு எட்டாதது நேரம்.

காய்ச்சலும் அப்படித்தான். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று அம்மாவுக்குத் தெரிவதே வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது. அந்நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. முடிந்திருக்கும். திறந்திருப்பது மெடிக்கல் ஷாப். எடை கேட்காமல் ஒரு சிரப் கைக்கு வரும். மத்தியப் பிரதேசத்தில் 2025-இல் குழந்தைகளைக் கொன்ற நச்சு கலந்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்தச் செய்தி வந்த மறுவாரமும் இங்கே சிரப் அப்படித்தான் விற்றது. நிமோனியாவா என்று பார்க்க முதலில் வேண்டியது ஒரு கடிகாரமும் ஒரு நிமிடமும். சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ண வேண்டும். ஒரு வயது தாண்டி ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாற்பதைத் தொட்டால் கவனிக்க வேண்டும். எங்கள் கிராம சுகாதார செவிலியர் அப்படி எண்ணுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் மாலையில் கிடைப்பதில்லை.

நகர்ப்புறச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் மாலை ஓ.பி. நடக்கிறது. கிராமத்தில் தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் இரவு எட்டு மணி வரை குழந்தைகளைப் பாருங்கள். மேல்சிகிச்சைக்கு எழுதினால், எந்தத் தேதி, எந்த அறை, அன்றைக்கே பரிசோதனையும் முடியுமா என்று அந்தச் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கு வரும் அதே வண்டியில் சீட்டு வாங்கிய பிள்ளைகளை மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அடுத்த மாதம் குழு மறுபடி எங்கள் பள்ளிக்கு வருகிறது. அந்தக் காதை மறுபடி பார்ப்பார்கள், மறுபடி ஒரு சீட்டு எழுதுவார்கள். பழைய சீட்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஒன்றியப் பள்ளி ஆசிரியை