பழைய துப்பாக்கியில் புது உறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரையாக ஒரு குடும்பத்தில் இருந்துவரும் என்ஃபீல்டு ரகத் துப்பாக்கிக்குப் புதிய குதிரை (விசையை இழுத்ததும் சுத்தியல் போல அடிக்கும் உறுப்பு) பொருத்தி, மரக்கட்டைக்கு வார்னிஷ் பூசி, இரும்பைப் பளபளவென்று தேய்த்துப் புதுப்பித்ததாக ஒரு செய்தி தங்கள் நாளிதழில் படத்துடன் வெளியாகியிருந்தது. முன்னோர் பொருளைப் பேண வேண்டும் என்ற அக்குடும்பத்தினரின் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால், டூல்ரூமில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் படம் வருத்தத்தையே தந்தது. குதிரை பொருந்தியுள்ள பக்கத் தகட்டில் இருந்திருக்க வேண்டிய கிரீட முத்திரையும் ஆண்டும் தேய்ந்துபோயிருந்தன. குதிரையின் வாயோ, வெடிமூடியைச் செருகும் சிறு குழாயான நிப்பிளின் மேல் நேராக உட்காராமல் ஒருபுறம் சாய்ந்து நின்றது.

1853ஆம் ஆண்டு மாதிரி என்று அழைக்கப்படும் இந்த 0.577 அங்குலக் குழல் விட்டமுள்ள துப்பாக்கிக்கு உறுப்பு தேடுவோர், அது எங்கே செய்யப்பட்டது என்று அறிய, முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான். இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை, அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து, 1850களின் பிற்பகுதியிலிருந்து ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும் வகையில் இவற்றைச் செய்தது. அதே மாதிரியைப் பர்மிங்காமிலும் லண்டனிலும் இருந்த ஒப்பந்தப் பட்டறைகள் பெரும்பாலும் கையால் அரம் போட்டு ஒவ்வொன்றாக இணைத்தன. தகட்டில் 'டவர்' (லண்டன் கோபுரம்) என்ற முத்திரை தாங்கியவற்றுள் பெரும்பாலானவை அத்தகையவை. அவற்றுக்கு வேறொரு துப்பாக்கியின் குதிரையை வாங்கி அப்படியே மாட்டிவிடலாம் என்று எண்ணக் கூடாது. இன்று இத்தாலியில் செய்யப்படும் நகல்களின் உறுப்புகள் எளிதில் கிடைக்கின்றன என்றாலும், அவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கிலான மெட்ரிக் மரையே (திருகாணியின் சுற்று வெட்டு) இருக்கும். அந்தத் திருகாணியைப் பழைய துளைக்குள் வலிந்து முறுக்கினால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய மரை ஒரே சுற்றில் அழிந்துவிடும்.

பொருத்தும் வேலையில் என் தொழில் எனக்குக் கற்பித்த விதி ஒன்றுதான்: அரம் புதிய உறுப்பின்மேல் மட்டுமே விழ வேண்டும். குதிரையின் சதுரத் துளை, உள்ளே சுழலும் அச்சின் சதுர முனையில் இறுக்கமாக ஏற வேண்டும். ஆகவே, துளை சற்றுச் சிறிதாக உள்ள குதிரையைத் தேர்ந்தெடுத்து, அச்சின் முனையில் விளக்குக் கரியை மெல்லிதாகப் பூசி, குதிரையை லேசாக அழுத்தி எடுத்தால், துளைக்குள் கரி ஒட்டிய இடம் எங்கே இடிக்கிறது என்று காட்டிவிடும். அந்த இடத்தை மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மீண்டும் கரி பூசிப் பார்க்க வேண்டும். பொறுமையிழந்து துளையைப் பெரிதாக்கினால் குதிரை ஆடும். சதுரத்தின் கோணம் சிறிது பிசகினாலும், படத்தில் கண்டதைப் போல நிப்பிளின் மேல் சாய்ந்து நிற்கும். திருகாணியும் அப்படித்தான், பழைய துளையின் மரையை அளந்து, அதற்கேற்ற திருகாணியை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டுமே தவிர, துளைக்குப் புது மரை வெட்டக் கூடாது. கட்டையில் விரிசல் இருந்தால் ஒட்டலாம். அதைத் தேய்த்து இழைப்பதோ மரத்தில் பதிந்த முத்திரைகளையே கொண்டுபோய்விடும்.

சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உறுப்புகளும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அச்சட்டத்தின் 45ஆவது பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்களிப்பது உண்மையே. ஆனால், பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ளவற்றுக்கே அவ்விலக்கு பொருந்தும். புதிய குதிரை ஒன்று பொருத்தியதும் வேலை செய்யக்கூடிய துப்பாக்கியை அலங்காரப் பொருள் என்று கருதிக்கொண்டு தெருமுனை லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்வோர், பட்டறைக்காரரையும் சேர்த்தே சிக்கலில் மாட்டிவிடுகின்றனர். நூறாண்டைக் கடந்த பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டு வல்லுநரிடம் தனியார் தாமாக அனுப்பிவிட முடியாது.

எனவே, இத்தகைய துப்பாக்கியை வைத்திருப்போர் முதலில் மாவட்ட நிர்வாகத்திடம் உரிம நிலையைத் தெளிவுபடுத்திக்கொண்டு, பின்னர் அருங்காட்சியகத் துறையின் பாதுகாப்புப் பிரிவினரிடம் ஆலோசனை கேட்க வேண்டுகிறேன். காட்சிக்கு வைப்பதற்காக உறுப்பு பொருத்த நேர்ந்தால், புதிய உறுப்பின் உட்புறத்தில் அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறிப்பதும், கழற்றிய பழைய உறுப்பை, உடைந்ததாயினும், எண்ணெய் தடவிச் சீட்டெழுதி அதே துப்பாக்கியுடன் வைப்பதும் அவசியம். செய்தியில் கண்ட குடும்பத்தினர் பழைய குதிரையை இன்னும் எடைக்குப் போடாமல் இருந்தால், அதைப் பத்திரப்படுத்துமாறு தங்கள் நிருபர் வாயிலாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் பிட்டர்,
திருச்சிராப்பள்ளி.