இலை கம்பெனியுடையது, தொழில் மட்டும் என்னுடையதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர், "வேலையில்லாதவர்கள் 3.2 சதவீதம் என்று ஒரு நாள் போடுகிறீர்கள், இன்னொரு நாள் 5.1 என்கிறீர்கள், எதை நம்புவது?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கெடுக்கும் பிள்ளை ஆடியிலிருந்து ஐப்பசி வரை மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

நான் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறவள். வயது 57. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மடியில் சொளவை (முறத்தை) வைத்தேன், இன்னும் இறக்கவில்லை. மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு எங்கள் ஊரில் 12 வீடுகளைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் வீடும் ஒன்று. 2025இலிருந்து இப்படித்தானாம்: ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து நாலு மாதம் வருவார்கள். நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 2.72 லட்சம் வீடுகள்.

முதல் தடவை அந்தப் பிள்ளை வந்தபோது நான் வீட்டில் இல்லை. பீடிக்கடையில் பீடி ஒப்படைக்க வரிசையில் நின்றேன். என் வீட்டுக்காரர்தான் பதில் சொல்லியிருக்கிறார். "உங்க சம்சாரம் என்ன பண்றாங்க?" "வீட்டைப் பார்த்துக்கிடுதா." முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுசன். பிள்ளைகள் படிப்புக்கும் மகன் கல்யாணத்துக்கும் எந்தப் பணம் போனது என்று அவருக்குத் தெரியாததா? ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. நல்ல வேளை, அந்தப் பிள்ளை திண்ணை ஓரத்தில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பீடி இலையைப் பார்த்துவிட்டு, "அம்மா வரட்டும், இருக்கேன்" என்று காத்திருந்தாள். இல்லாவிட்டால் எனக்கு 92 விழுந்திருக்கும். அந்தக் கணக்கில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்கிறவள், உழைப்பாளர் படைக்கு, அதாவது வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் கூட்டத்துக்கு, வெளியே நிற்கிறவள். எத்தனை ஊரில் எத்தனை புருசன்மார் என்னென்ன சொன்னார்களோ.

சரி, அந்த வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு எண்ணும் பொய்யில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 3.2 என்பது ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்பது. கடந்த 365 நாளில் பெரும்பாலான நாள் என்ன செய்தாய், அதுபோக 30 நாளாவது பக்கத்தில் ஏதாவது வேலை பார்த்தாயா என்று. முப்பது நாள் பார்த்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். 5.1 என்பது கடந்த ஏழு நாளை மட்டும் பார்ப்பது. அதில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அந்த வாரம் வேலையில் இருந்தவர். மாதாமாதம் இப்போது வருவது இந்த வாரக் கணக்கு. 2023-24க்கு இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறார்கள்: வருடக் கணக்கில் 3.2, வாரக் கணக்கில் 4.9. ஆக, மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒரேயடியாக ஏறிவிடவில்லை. எந்த அளவுகோல் என்று பத்திரிகை ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் குழம்பியிருக்க மாட்டார், நானும் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. (கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

ஒரு மணி நேரம் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. புரட்டாசியில் அந்தப் பிள்ளை வந்த வாரம் கம்பெனி எங்களுக்கு இரண்டு நாளுக்குத்தான் இலை போட்டது. மற்ற நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்தேன். ஆனாலும் அந்த வாரம் நான் வேலையில் இருந்தவள்தான். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை ஒரு நியாயம் சொன்னாள். ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாகக் கேட்டு, எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகப் பதிகிறோம், நீங்கள் சும்மா இருந்த நாளும் இதில் இருக்கிறது என்றாள். ஒத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று ஆண்டறிக்கையில் அட்டவணையே இருக்கிறதாம். ஆனால் அந்த அட்டவணையை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

அந்த மணிக்கணக்குதான் எங்கள் இருவரையும் படாத பாடு படுத்தியது. "நேத்து எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்க?" என்றால் என்ன சொல்வேன்? நான் கடிகாரம் பார்த்துச் சுற்றுவதில்லை, கட்டு எண்ணிச் சுற்றுகிறேன். 25 பீடி ஒரு கட்டு, 28 கட்டு போட்டால் 700. காலையில் இலை வெட்ட உட்காருவேன், உலை கொதித்தால் எழுந்திருப்பேன், பேரன் அழுதால் எழுந்திருப்பேன், மறுபடி சொளவு. சாயங்காலம் மறுநாளுக்கு இலையை நனைத்து வைப்பது வேலையா, இல்லையா? கடையில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் வேலையா? அந்தப் பிள்ளை பொறுமைசாலி. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கட்டு வரும் என்று கேட்டாள். வெட்டுவது, சுற்றுவது, முகம் மடக்குவது எல்லாம் சேர்த்து மூன்றரைக் கட்டு என்றேன். எட்டு மணி நேரம் என்று பதிந்துகொண்டாள். நனைத்ததும் நின்றதும் அதில் சேர்ந்ததா என்று நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் போகும் நேரத்தை அளக்க அரசாங்கத்தில் தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. 2019லும் 2024லும் எடுத்தார்கள். முந்தின நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை அரை மணி நேரமாக என்ன செய்தாய் என்று கேட்பது. 2024 கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். 88 நிமிடம் யார் வீட்டில் என்று கேட்டார்.

அடுத்தது கூலி. பக்கத்து வீட்டுத் தங்கச்சி சித்தாள் வேலைக்குப் போகிறாள். அவளிடம் ஏழு நாளுக்கும் ஒவ்வொரு நாள் கூலியாகக் கேட்டாள். மாதச் சம்பளக்காரர் என்றால் போன மாதச் சம்பளம். என்னிடம் கேட்டது கடந்த 30 நாள் வருமானம். ஒப்படைத்த பீடிக்குக் கணக்கு ஏறும் பாஸ் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்து 3,400 ரூபாய் என்றேன். கம்பெனி தருகிற இலையில் ஓட்டை இருந்தால் ஆயிரம் பீடிக்கு இலை காணாது, வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த மாதம் அதற்கு 240 ரூபாய் போயிருந்தது, அதையும் சொன்னேன். அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் என்னிடம் மட்டும் "வருமானம்" என்று கேட்கிறாள், "கூலி" என்று கேட்கவில்லை?

"நீங்க சுயதொழில்ல வர்றீங்கம்மா" என்றாள்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான். இலை கம்பெனியுடையது. புகையிலைத் தூள் கம்பெனியுடையது. நூல் கம்பெனியுடையது. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று நிர்ணயிப்பது நானில்லை, சுற்றிய பீடியில் எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் நானில்லை. எனக்குச் சொந்தம் ஒரு கத்திரியும் தகரத் தகடும் சொளவும் முதுகு வலியும்தான். என் மகள் பொருளாதாரம் படிக்கிறாள். கணக்கெடுப்பின் விதிமுறையைத் தேடிப் படித்துச் சொன்னாள். வெளியாரிடம் பொருள் வாங்கி வீட்டில் வைத்துச் செய்து கொடுப்பவருக்கும் ஏதோ உற்பத்திச் சாதனம் இருக்கிறது, அவருக்குக் கிடைப்பதில் உழைப்பின் பங்கும் இருக்கிறது, லாபத்தின் பங்கும் இருக்கிறது, அதனால் சுயதொழில் என்பது அதன் நியாயமாம். அந்த லாபத்தை இவ்வளவு வருடத்தில் நான் ஒரு நாளும் கண்ணால் பார்க்கவில்லை.

இதே அரசாங்கத்தின் சட்டம் வேறு மாதிரிப் பேசியது. 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பொருள் வாங்கி வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றே சொன்னது. பி.எப். எங்களுக்குக் கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட்டபோது, வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு பி.எப். எண் இருக்கிறது. ஆனால் "பி.எப். உண்டா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா" என்ற கேள்விகள் கூலிக்காரர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் உரியவையாம். சுயதொழில் என்று அழுத்தியதும் அந்தப் பிள்ளையின் டேப்லெட் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. பையில் பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மருமகள் கதை இன்னும் வேடிக்கை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் எனக்கு இலை வெட்டித் தருவாள், முகம் மடக்குவாள். அவளுக்கு 21 என்று ஒரு எண். சம்பளம் இல்லாத குடும்ப உதவியாளர். அவளும் வேலையில் இருப்பவள்தான். வருமானம் எவ்வளவு என்று அவளிடம் கேட்கவே இல்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. என் பாஸ் புத்தகத்தில் ஏறும் 700 பீடியில் அவள் விரல் பட்டது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் உழைப்பாளர் படையில் இருந்தார்கள், 2023-24இல் 41.7 சதவீதம் ஆகிவிட்டது என்று உங்கள் பத்திரிகை உள்பட எல்லோரும் எழுதினீர்கள். நல்ல செய்திதான். அதே காலத்தில் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் கணக்கில் வருகிறவர்கள் 51.9லிருந்து 67.4 சதவீதம் ஆனார்கள். வேலை செய்யும் மொத்தப் பெண்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என் மருமகளைப் போலச் சம்பளமில்லாத உதவியாளர்கள். கடை வைத்து முதலாளி ஆனவள், ஆடு வளர்க்கிறவள், பீடி சுற்றுகிறவள், அவளுக்கு இலை வெட்டித் தருகிறவள் எல்லோரும் ஒரே மூட்டை.

எங்களைத் தனியாகப் பிரிக்க வழியில்லாமல் இல்லை. ஜெனீவாவில் 2018இல் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, இன்னொருவரை நம்பிச் சுயதொழில் போலத் தோற்றமளிக்கும் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு தனி வகை வைத்திருக்கிறது என்று மகள் சொல்கிறாள். நம் படிவத்தில் ஒரு எண் கூடுவதற்கு என்ன கஷ்டம்? இலை யாருடையது, விலை வைப்பது யார் என்று இரண்டே கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

ஐப்பசியில் கடைசியாக வந்தபோது மழை. தூளெல்லாம் நமத்துப் போயிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் காபி கொடுத்துவிட்டு, "உனக்கு இந்த வேலை நிரந்தரமா தாயி?" என்று கேட்டேன். "ஒப்பந்தம்தாம்மா" என்றாள்.

கடிதம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். மருமகளைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் வாசகி,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.