தாய்மொழி நாள் கண்காட்சி: மனோபோ மொழிகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

பிப்ரவரி 21 அனைத்துலகத் தாய்மொழி நாளையொட்டி ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் நடத்தும் கண்காட்சிக்கு இம்முறை மனோபோ மொழிகளை எடுத்திருக்கிறோம். பிலிப்பீன்ஸின் தெற்கே உள்ள மிண்டானாவோ தீவின் பழங்குடி மக்கள் பேசுபவை இவை. சபாவிலிருந்து கடல் தாண்டினால் அந்தத் தீவுதான். மலாயைப் போலவே இவையும் ஆஸ்திரோனேசிய மொழிகள். கண்ணுக்கு மாத்தா, பிள்ளைக்கு அனாக், நிலவுக்குப் பூலான் என்று நம் பிள்ளைகள் மலாயில் படித்த சொற்கள் அங்கும் ஏறக்குறைய அப்படியே புழங்குகின்றன. முன்பின் தெரியாத ஒரு மொழிக்கூட்டத்துக்குள் நுழைய இந்தப் பிடிமானம் போதும்.

‘மனோபோ மொழி’ என்று ஒருமையில் எழுத வேண்டாம். மனோபோ ஒரு மொழிக் குடும்பம். எதைத் தனிமொழியாகக் கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அதில் 15 முதல் 20 மொழிகள் வரை வரும். வடபகுதிக்காரரும் தென்பகுதிக்காரரும் தத்தம் மொழியில் பேசிக்கொண்டால் புரியாது. எனவே மாணவர்களின் ஆறு குழுக்களுக்கும் குழுவுக்கொரு மொழி கொடுத்துள்ளோம்: பினுகிட், அகூசான் மனோபோ, மத்திக்சாலுக், ஓபோ, கொத்தபாத்தோ மனோபோ, ககயானென். மனோபோ என்ற பெயர் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். மிண்டானாவோவின் மேற்குப் புக்கிட்னோன் பகுதியில் அது ‘மெனுவு’. வேறு இடங்களில் ‘மனுவு’. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுகிற பிள்ளைக்குப் பாதித் தகவல் கிடைக்காமல் போகும்.

வீட்டில் உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். பள்ளியில் தரும் மணிலா அட்டையைக் குறுக்குவாட்டில் வைத்து, கிழக்கு நெட்டாங்கு 116 முதல் 127 பாகை வரையிலும் வட அகலாங்கு 5 முதல் 11 வரையிலும் கட்டம் போடச் சொல்லுங்கள். பாகைக்கு 5 செ.மீ. என்றால் 55 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சதுரக் கட்டமே போதும், வடிவம் பெரிதாகக் கோணாது. மிண்டானாவோவை மட்டும் அட்டை நிறையப் பெரிதாக வரைந்துவிடும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். அப்படிச் செய்தால் ககயானென் குழுவுக்கு இடமே இருக்காது. அம்மொழி பேசுவோர் இருப்பது பலாவான் தீவுக்குக் கிழக்கே, சூலு கடல் நடுவிலுள்ள ககயான்சில்யோ தீவுகளில்.

கரையோரம் முடிந்ததும் ஆறுகளை வரைய வேண்டும். மாநில எல்லைகள் வேண்டாம், ஏனென்றால் இம்மக்களின் குடியிருப்பு அந்த எல்லைகளைப் பார்த்து அமைந்ததில்லை. பல இனக்குழுக்களின் பெயரே ஆற்றிலிருந்து வந்தது. தாவாவ் ஆற்றின் பழைய பெயர் சாலுக். அதன் மேற்பகுதியில் இருப்பவர்கள் மத்திக்சாலுக். திக்வா, உமாயம் ஆறுகளுக்கும் இப்படிப் பெயர்கொண்ட மக்கள் உண்டு. அகூசான் ஆறு வடக்கு நோக்கி ஓடிப் புத்துவான் விரிகுடாவில் கலக்கிறது. பிள்ளைகள் பழக்கத்தில் அம்புக்குறியைத் தெற்கே போட்டுவிடுவார்கள், அதை மட்டும் பாருங்கள். அந்த ஆற்றின் நடுவில் பரந்த சதுப்புநிலம் இருக்கிறது, 1999 முதல் ராம்சார் எனும் அனைத்துலக ஈரநிலப் பட்டியலில் உள்ளது. வெள்ளத்தோடு ஏறி இறங்கும் மிதவை வீடுகளில் அங்கே அகூசான் மனோபோ குடும்பங்கள் வாழ்கின்றன. 6.17 மீட்டர் நீள முதலை லோலோங் 2011இல் பிடிபட்டதும் அந்தப் பக்கம்தான். பையன்கள் அதிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பினுகிட்டில் நான்கே உயிரொலிகள். அதில் ரோமன் எழுத்தில் ‘e’ என்று எழுதுவது, நான்கைக் குறிக்கும் மலாய் ‘empat’ சொல்லின் முதலொலி போன்றது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. ஆகவே சொல் அட்டைகளில் அங்கு வழங்கும் எழுத்துமுறை மேலேயும் தமிழ் ஒலிபெயர்ப்பு கீழேயும் இருக்கட்டும். காணொளியில் கேட்ட சொல்லை அப்படியே எழுத வேண்டாம். மிண்டானாவோ சந்தைகளின் பொதுமொழி செபுவானோ. மனோபோ மக்களைப் பற்றிய பல காணொளிகளிலும் பேச்சு அந்த மொழியில்தான் நடக்கிறது.

பள்ளிக்கூட வரலாற்றையும் ஒரு பலகையில் வைக்கிறோம். பிலிப்பீன்ஸ் கல்வித்துறை 2009இல் தாய்மொழிவழிக் கல்விக்கு ஆணையிட்டது. 2013இல் அது சட்டமாயிற்று. அதற்காக ஏற்கப்பட்ட 19 மொழிகளில் மனோபோ மொழி ஒன்றுகூட இல்லை. 2011இல் வந்த பழங்குடியினர் கல்விக் கொள்கையின் வழியாகத்தான் இம்மொழிகள் சில வகுப்பறைகளுக்குள் வந்தன. 2024 அக்டோபரில் வந்த சட்டம் தாய்மொழிவழிக் கட்டாயத்தை நீக்கி, பயிற்று மொழியை மீண்டும் பிலிப்பினோவுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றியது; வகுப்பு முழுவதும் ஒரே தாய்மொழிப் பிள்ளைகளாக இருந்தால் மட்டும் விலக்கு. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் நமக்கு இந்தப் பலகைக்கு விளக்கம் தேவைப்படாது.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது மிண்டானாவோவின் தசதாய் மக்களைப் பற்றிய கதையாக இருக்கும். 1971இல் ‘கற்கால மனிதர்கள்’ என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. 1986இல் எல்லாமே பொய் என்றன. அவர்கள் பேசுவது கொத்தபாத்தோ மனோபோவுக்கு மிக நெருங்கிய மொழி என்பதே மொழியியலார் கண்டது. கற்காலம் என்ற சொல் எந்த அட்டையிலும் வேண்டாம்.

இன்னொன்று நமக்கே உரிய சபலம். 1917இல் அகூசான் பகுதியின் எசுபெரான்சா அருகே வாவா ஆற்றங்கரையில் ஒரு மனோபோ பெண்ணுக்குப் பொற்சிலை கிடைத்தது. இப்போது அது சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பௌத்தப் பெண் தெய்வமான தாராவா வேறு தெய்வமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கலைப்பாணியைச் சாவகத்தோடுதான் (ஜாவா) பெரிதும் ஒப்பிடுகிறார்கள். கடாரம் பக்கத்தில் இருக்கிறதே என்று சோழரை மிண்டானாவோவுக்கு அனுப்பிவிடாதீர்கள். அப்படி எழுதிய அட்டையைத் திருப்பித் தருவோம்.

மாறுவேடம் வேண்டாம். இறகு, முகச்சாயம், ஈட்டி எதையும் வாங்கித் தராதீர்கள். பைலான் எனப்படும் பூசகர் நடத்தும் சடங்கை மேடையில் நடித்துக் காட்டுவதும் இல்லை. அகூசான் குழு ‘சுயாம்’ பூத்தையல் மாதிரியைக் கட்டத்தாளில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் வரையட்டும். மற்ற குழுக்களுக்கான மாதிரிகளை வகுப்பாசிரியர் தருவார். அக்யூ என்ற வீரனின் காவியமான உலாகிங்கானிலிருந்து கதைச் சுருக்கம் மட்டும் சொல்லப்படும். பாடுவது அம்மக்களின் உரிமை. அங்கே 1997 பழங்குடியினர் உரிமைச் சட்டம் அத்தகைய பண்பாட்டுச் செல்வங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

பென்சில் கோட்டில் வரைந்த வரைபடத்தைப் பிப்ரவரி இரண்டாம் வாரத் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சரிபார்த்துத் தந்த பிறகு மை தீட்டினால் போதும். இனிப்புப் பலகாரம் கொண்டுவர நினைப்பவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்