பேரரசுக்கு ஒரே ஒரு செக் வார்த்தைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வெளிநாட்டு மொழி படிக்கிறவங்களுக்காக நீங்க போட்டிருந்த பட்டியலைப் பார்த்தேன், இடது பக்கம் பேரரசு, வரலாறு சம்பந்தமான இங்கிலீஷ் வார்த்தைங்க, வலது பக்கம் அதுக்கு நேரா செக் வார்த்தைங்க. நான் ஆறு வருஷமா செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்ல இருக்கேன், செக் மொழியை இதே மாதிரி இங்கிலீஷ் பட்டியல் வச்சுத்தான் ஆரம்பிச்சேன், அதனால இதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

முதல் வரியே எம்பயர்னா ர்ஷீஷெ. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க பிரிட்டிஷ் எம்பயருக்கும் அதையே தான் போடுவாங்க, நானும் போட்டேன், டீச்சர் அடிச்சுட்டு மேல இம்பேரியும்னு எழுதுனாங்க. கடல் தாண்டிப் போய் காலனி பிடிச்ச பிரிட்டனுக்கு இம்பேரியும்னு சொல்றதுதான் இங்க வழக்கம், புனித ரோமப் பேரரசுக்கு ர்ஷீஷெ, ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஆண்டதைப் பெரும்பாலும் மொனார்ஹியென்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல மூணுக்கும் எம்பயர்னே சொல்லிட்டுப் போயிடலாம்.

இந்த ர்ஷீஷெங்கிற வார்த்தைக்குள்ள என்னல்லாம் இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. ஜெர்மன்ல பேரரசுக்குச் சொல்ற ரைக் இருக்கே, அதோட பழைய வடிவத்துல இருந்துதான் இது செக்குக்கு வந்திருக்கு. 1348ல ப்ராக்ல பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச செக் மன்னர் நாலாம் கரெல் (சார்லஸ்) 1355ல ரோமுல பேரரசரா முடிசூட்டிக்கிட்டார், அப்போ அந்த ர்ஷீஷெக்கே தலைமை இடம் ப்ராக் தான், அது இவங்களுக்குப் பெருமை. அதே வார்த்தை 1939 மார்ச் 15 ஹிட்லர் படை இந்த ஊருக்குள்ள வந்தப்புறம் ர்ஷீஷ்ஸ்கீ ப்ரொடெக்டோர்னு, ஹிட்லர் சார்பா இங்க ஆள வந்தவனோட பதவிப் பேராச்சு. அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்த ஹைட்ரிஷ்ங்கிற நாஜி அதிகாரி மேல 1942 மே 27 தாக்குதல் நடந்து சில நாள்ல அவன் செத்தான், அதுக்குப் பழிவாங்க ஜூன் மாசம் லிதித்ஸெங்கிற கிராமத்து ஆம்பளைங்களைச் சுட்டுக் கொன்னுட்டு ஊரையே தரைமட்டம் ஆக்குனாங்க. இவ்வளவு இருக்கிற வார்த்தையை ஒரு கோடு போட்டு எம்பயர்னு முடிச்சா அது பாவம் சார். (இதே ர்ஷீஷெ தான் பள்ளிக்கூட உயிரியல் பாடத்துல விலங்குலகம், தாவர உலகம்னு சொல்றதுக்கும்.)

நம்மகிட்ட என்ன வார்த்தை இல்ல? சோழப் பேரரசுன்னு சொல்வோம், சோழ ஏகாதிபத்தியம்னு யாராவது சொல்வாங்களா? பிரிட்டிஷ்காரனுக்கு மட்டும் ஏகாதிபத்தியம்னு தானா வாயில வரும். ஆளுறவன் யாரு, அவனை நாம எங்க இருந்து பார்க்கிறோம்ங்கிறதுக்கு ஏத்த மாதிரி வார்த்தை மாறும்னு தமிழ் வாசகருக்குத் தனியா பாடம் எடுக்க வேண்டியதே இல்ல, நேரா தமிழ்ல சொன்னா டக்குனு பிடிச்சுக்குவாங்க. நடுவுல இங்கிலீஷ் வந்து நிக்கிறதுதான் பிரச்சனை.

இன்னொரு வரி, ரெபெல்லியன்னா வ்ஸ்பௌரான்னு மட்டும் போட்டிருக்கீங்க. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1618 மே 23 செக் பிரபுக்கள் ப்ராக் கோட்டை ஜன்னல் வழியா ஹாப்ஸ்பர்க் மன்னரோட பிரதிநிதிகளைத் தூக்கி வெளிய போட்டாங்களே, அதுல ஆரம்பிச்சு 1620 நவம்பர் 8 ப்ராக் பக்கத்துல பீலா ஹோராங்கிற இடத்துல நடந்த சண்டையில தோத்தது வரைக்கும் நடந்ததை செக்காரங்க பொவ்ஸ்தானீன்னு தான் எழுதுறாங்க. எழுந்து நிக்கிறதைக் குறிக்கிற வினைச்சொல்லுல இருந்து வந்தது அது, நம்ம எழுச்சி எழுங்கிறதுல இருந்து வந்த மாதிரியே. வ்ஸ்பௌரான்னா கலகம், கப்பல்ல மாலுமிங்க பண்ற மாதிரி. பழைய நகரச் சதுக்கத்துல டவுன் ஹால் சுவரை ஒட்டித் தரையில வெள்ளைக் கல்லுல 27 சிலுவை பதிச்சிருக்கும், அந்த எழுச்சிக்காக 1621 ஜூன் 21 அங்க தலைவெட்டியும் தூக்குல போட்டும் கொன்ன 27 பேருக்காக, டூரிஸ்ட்டுங்க கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டே அதை மிதிச்சுட்டுப் போவாங்க. முதல் தடவை நானும் மிதிச்சுட்டு தான் நின்னேன், பக்கத்துல இருந்த ஒரு பாட்டிம்மா கையைக் காட்டி கீழ பாருன்னாங்க. அந்த 27 பேரும் பேரரசர் கணக்குல துரோகிங்க, இவங்க கணக்குல எழுந்து நின்னவங்க. 1857ஐ சிப்பாய் கலகம்னு படிச்சு வளர்ந்து அப்புறம் முதல் சுதந்திரப் போர்னு சொல்லக் கத்துக்கிட்ட நமக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

உறுதியா தப்புன்னு சொல்லக்கூடியது ஒண்ணு இருக்கு, சப்ஜெக்ட். அதுக்கு ப்ர்ஷெட்ம்ன்யெட்னு போட்டிருக்கீங்க. அது பள்ளிக்கூடத்துல கணக்கு, அறிவியல்னு சொல்ற பாடம், இல்லன்னா கையில பிடிக்கிற ஒரு பொருள். பேரரசருக்கு அடங்கி வாழுற குடிமக்களுக்கு பொடனீன்னு சொல்லணும். உங்க பட்டியலை நம்பி எழுதுனா 'பேரரசரின் பொருட்கள்'னு அர்த்தம் ஆயிடும், மனுஷங்களை அப்படி எழுத வேண்டாம். இந்த பொடனீங்க நிலச்சுவான்தாருக்குக் கூலி இல்லாம செஞ்ச கட்டாய வேலைக்குப் பேர் ரொபொட்டா, அதை 1848ல தான் ஒழிச்சாங்க, இன்னைக்கு உலகமே சொல்ற ரோபோ அதுல இருந்து வந்தது தான்.

ஹங்கேரிக்கும் ஒரே வார்த்தை போட்டிருக்கீங்க, ஆனா செக்ல ரெண்டு இருக்கு. 1918க்கு முந்தி ஸ்லோவாக்கியாவையும் சேர்த்து இருந்த பழைய ராஜ்யம் உஹெர்ஸ்கோ, இப்ப இருக்கிற நாடு மத்யார்ஸ்கோ. ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசைப் பத்தி எழுதும்போது ரெண்டாவதைப் போட்டா உடனே திருத்துவாங்க.

எல்லாமே கஷ்டம்னு பயமுறுத்தல, தானா மனசுல ஒட்டிக்கிற வார்த்தைங்களும் நிறைய இருக்கு. அதிகாரத்துக்கு மொத்ஸ், வல்லரசுக்கு வெல்மொத்ஸ், கடையில ரொம்ப நன்றின்னு சொல்ற த்யெகுயு மொத்ஸ்லயும் அதே மொத்ஸ் தான். பேரரசோட வீழ்ச்சிக்கு பாட், இலக்கணத்துல வேற்றுமைக்கும் பாட், இவங்களுக்கு ஏழு, நமக்கு எட்டு. பேரரசருக்கு த்ஸீஸர்ஷ், சீசர்ங்கிற பேர்ல இருந்து வந்தது, ஆஸ்பத்திரியில சிசேரியனுக்கும் அந்தப் பேர் தான்.

அதனால என் வேண்டுகோள் ரெண்டே ரெண்டு. சப்ஜெக்ட் வரியை அடுத்த வாரமே திருத்திப் போடுங்க. அடுத்த பட்டியல்ல இங்கிலீஷ் பத்தியை எடுத்துட்டு அந்த இடத்துல தமிழைப் போட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சின்ன வாக்கியம், முடிஞ்சா ஒரு வருஷமும் சேருங்க. வாக்கியங்களை எழுதி அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ப்ராக்ல இருந்து உங்கள் வாசகன்