தோற்ற பின்னும் மாற்றாத ஆட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ பயிற்சி கொடுக்கும் கல்லூரி அணி, யாரும் பொருட்படுத்தாத ஓர் அணியிடம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியதையும், ஆட்ட முறையை அடியோடு மாற்றச் சொல்லி ஆளாளுக்கு உன்னை நச்சரிப்பதையும் எழுதியிருந்தாய். படித்தவுடன் எனக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிதான் நினைவுக்கு வந்தது. உன் அணிக்கு நேர்ந்ததை அவர்கள் நாடே பார்க்க அனுபவித்தவர்கள்.

அங்கே மார்ச் மாதத் தேசியப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை 1 முதல் 16 வரை வரிசைப்படுத்தி, முதல் நிலை அணியைப் பதினாறாம் நிலை அணியோடு மோத விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆண்கள் போட்டியில் அப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் முதல் நிலை அணியே வென்றிருந்தது. 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில், போட்டியிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த வர்ஜீனியா, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி அணியிடம் 54–74 என்று தோற்றது. பாதி ஆட்டம் முடிந்தபோது 21–21 என்று சமநிலையில்தான் இருந்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 54 புள்ளிகளுக்கு மேல் எதிரணிக்குக் கொடுக்காதவர்கள், அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்தார்கள். முக்கிய ஆட்டக்காரரான டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார். ஆனால் பயிற்சியாளர் டோனி பென்னட் அதைச் சாக்காக்காமல், எதிரணி தங்களை எல்லா வகையிலும் மிஞ்சிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

அவருடைய தடுப்பாட்டம் அவர் தந்தை டிக் பென்னட் உருவாக்கியது. அந்தத் தந்தை 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சின் அணியை இறுதி நான்கு வரை கொண்டு சென்றவர். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார்; மற்ற நால்வரும் தத்தம் ஆளோடு ஒட்டிக்கொண்டு ஓடாமல், கூடையிலிருந்து சுமார் பதினாறு அடி தொலைவில் மனத்தால் வரைந்துகொண்ட ஒரு வளைவுக்கு உள்ளே நின்று, ஊடுருவும் வழியை எல்லாம் அடைப்பார்கள். உள்ளே வர முடியாத எதிரணி வெளியிலிருந்து எறியும். எறிவது எல்லாம் விழும் நாளில் இந்த முறைக்கு மூச்சு முட்டும். அன்று பால்டிமோர் அணியின் 24 மூன்று புள்ளி எறிதல்களில் 12 விழுந்தன. இத்தகைய மந்தமான ஆட்டம் மார்ச்சில் எடுபடாது என்று அப்போது பலரும் எழுதினார்கள். பென்னட் தடுப்பாட்டத்தில் கை வைக்கவில்லை. தாக்குதல் ஆட்டத்தில் மட்டும், தந்தையின் பழைய திரை அமைப்போடு (திரை என்பது எதிரணித் தடுப்பாளரின் வழியை உடலால் மறித்து நிற்பது), பந்து வைத்திருப்பவருக்கே நேராகத் திரையிட்டு அவர் முடிவெடுக்கும் முறையை அதிகமாகச் சேர்த்தார். டை ஜெரோம் போன்ற நிதானமான பையனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

2018–19 பருவத்தில் அவர்கள் வென்றவை 35, தோற்றவை 3. அதில் இரண்டு தோல்விகள் டியூக் பல்கலைக்கழகத்திடம், அவை கிடக்கட்டும். தேசியப் போட்டியின் முதல் சுற்றில் மறுபடியும் ஒரு பதினாறாம் நிலை அணி, கார்ட்னர்-வெப். பாதி ஆட்டத்தில் வர்ஜீனியா 30–36 என்று பின்தங்கியது. அரங்கில் இருந்தவர்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவில் 71–56 என்று வென்றார்கள்.

அந்த ஆண்டு அவர்கள் வென்ற தேசியக் கோப்பையில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். பர்டியூ அணிக்கு எதிரான ஆட்டத்தில், அந்த அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் பத்து மூன்று புள்ளி எறிதல்களோடு 42 புள்ளிகள் எடுத்தார். பழைய புண்ணிலேயே மறுபடியும் அடி. ஆறு விநாடிகூட மீதமில்லாதபோது, மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், ஜெரோம் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும், ஒரு புள்ளி மதிப்புள்ள எறிதல்) கோட்டில் நின்றார். முதலாவதைப் போட்டார், இரண்டாவது தவறியது. அவருடைய சக ஆட்டக்காரர் மமாடி டியாகிட்டே தட்டிவிட்ட பந்து நடுக்கோட்டைத் தாண்டி உருண்டது. முதலாண்டு மாணவரான, ஆறடிக்கும் குறைந்த கிஹே கிளார்க் ஓடிப்போய் அதை எடுத்து, அருகில் கைநீட்டி நின்றவரை விட்டுவிட்டு, தொலைவில் நின்ற டியாகிட்டேவுக்கே எறிந்தார். மணி ஒலிக்கும்போது பந்து காற்றில் இருந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75.

அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக ஜெரோம் செய்த டபுள் டிரிபிளிங் தவறை (பந்தைத் தட்டுவதை நிறுத்திக் கையில் பிடித்த பின் மறுபடி தட்டுவது) நடுவர்கள் கவனிக்கவில்லை. 0.6 விநாடி மீதமிருக்கையில் வர்ஜீனியாவின் கைல் கை என்பவர் மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63–62 என்று முடித்தார். மூன்றாவதற்கு முன் எதிரணி டைம் அவுட் கேட்டு அவரை யோசிக்க வைத்தும் அவர் அசரவில்லை. இறுதியாட்டத்தில், முதல் பாதியில் எறிந்ததில் பெரும்பாலானவை தவறிக்கொண்டிருந்த ஹன்டர் மொத்தம் 27 புள்ளிகள் எடுத்தார். கடைசிக் கட்டத்தில் சமன் செய்த மூன்று புள்ளியும் அவருடையதே. டெக்சஸ் டெக் 85–77 என்று வீழ்ந்தது.

இதை எல்லோரும் மீட்சியின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் முழு உடன்பாடு இல்லை, ஏனென்றால் கதை அங்கே நிற்கவில்லை. 2023இல் முதல் சுற்றில், ஃபர்மன் அணியை இரண்டு புள்ளி முந்தியிருந்தபோது, மூலையில் இருவர் மடக்கியதும் அதே கிளார்க் பந்தைத் தூர வீசினார். அது எதிரணியின் கைக்குப் போனது, அவர்கள் மூன்று புள்ளி எறிந்து 68–67 என்று வென்றார்கள். கிளார்க்கின் கல்லூரி வாழ்வில் அதுவே கடைசி ஆட்டம். 2019க்குப் பின் பென்னட்டின் அணி தேசியப் போட்டியில் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பணமும் அணி மாற்றமுமாக மாறிவிட்ட சூழலுக்குத் தான் பொருந்தியவன் அல்ல என்று கூறி, 2024 அக்டோபரில், பருவம் தொடங்கும் தறுவாயில், அவர் ஓய்வு பெற்றார். கடைசி வரை அதே தடுப்பாட்டம்தான்.

ஆகவே, ஒரே ஓர் இரவின் கணக்கை வைத்து உன் தடுப்பாட்டத்தைக் கலைத்துவிடாதே. வெளியிலிருந்து எத்தனை எறிதல்கள் இலகுவாக விட்டுக்கொடுக்கப்பட்டவை, எத்தனை கை மறைத்தும் விழுந்தவை என்று மட்டும் பிரித்து எழுதி அனுப்பு. முதல் வகை அதிகமென்றால் நாம் பேச வேண்டியது வேறு. பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்தும் உன் பாயிண்ட் கார்டுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறதா என்பதையும் தெரிவி.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி