மருதையாற்றங்கரையிலிருந்து

அரியலூர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகளுக்கு ரயில்வேயில் இளநிலைப் பொறியாளர் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்த வரியை நான்கு முறை படித்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு உரக்கவும் படித்துக் காட்டினேன். நாம் இருவரும் விழுப்புரத்தில் ஒரே அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்ட நாட்களில், நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி பாதையைச் சோதிக்கும் பொறுப்புக்கு வருவாள் என்று யார் நினைத்தோம்? பணியில் சேரும் முன் அவள் படிக்கும்படி ஏதாவது எழுது என்று கேட்டிருக்கிறாய். புத்திமதி சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றி, லால் பகதூர் சாஸ்திரியைப் பற்றி எழுதுகிறேன். நேரில் தெரிந்தவர் அல்லர். ஆனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சு எடுக்காத மழைக்காலம் கிடையாது.

1956 நவம்பர் 23. விடிவதற்குச் சற்று முன். முந்தைய இரவு சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மருதையாற்றில் பெருவெள்ளம். பாலத்தருகே பாதை அரித்துப்போயிருந்தது. நீராவி இன்ஜினும் அதன் பின்னால் வந்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என் அப்பா அப்போது கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி. அம்மா வயிற்றில் நான். செய்தி கேட்டு ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர். அங்கே என்ன பார்த்தார் என்று எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. இரவில் மழை வலுத்தால் மட்டும் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ரயில் சத்தம் கடந்து போன பிறகுதான் உள்ளே வந்து படுப்பார்.

லால் பகதூர் சாஸ்திரி அப்போது ரயில்வே அமைச்சர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தெலங்கானாப் பக்கம் மகபூப்நகரிலும் ரயில் பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே பதவி விலகக் கடிதம் கொடுத்தார்; நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த விபத்துக்கு அவர் காரணமல்லர், ஆனாலும் ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார். இங்கே தெருக்களில் ரயில்வே துணை அமைச்சர் அழகேசனைச் சாடி முழக்கம் எழுந்ததும், அது அடுத்த தேர்தல்வரை ஒலித்ததும் உனக்கு நினைவிருக்கும், உன் பெரியப்பா அடிக்கடி சொல்வாரே.

ராஜினாமா செய்து என்ன பயன், போன உயிர் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. என் அப்பா அப்படிக் கேட்டதில்லை. ஆற்றில் இறங்கியவர் அவர். டெல்லியில் ஒருவர் அந்தச் சாவுகளைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார் என்பது அவருக்குப் பெரிதாகப் பட்டது. சாஸ்திரியின் பெயரை அவர் ஒருநாளும் ஒருமையில் சொன்னதில்லை.

ராஜினாமாவை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவர் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்றரை வயதில் தகப்பனை இழந்தவர். 1928-இல் லலிதா தேவியைக் கைப்பிடித்தபோது சீராக வாங்கிக்கொண்டது ஒரு ராட்டையும் சில கெஜம் கதர்த் துணியும்தான். விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறையில் இருந்தபோது மகள் நோயில் விழுந்தாள். பதினைந்து நாள் பரோலில் வந்தார். குழந்தை பிழைக்கவில்லை. எந்தக் காரணத்துக்காக விடுவித்தார்களோ அது முடிந்துவிட்டது என்று, நாள் மிச்சமிருக்கும்போதே சிறைக்குத் திரும்பினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு லலிதா தேவியின் முகம்தான் கண்ணில் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், போகாதீர்கள் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்?

1963-இல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி மறுபடியும் பதவியை விட்டார், அப்போது உள்துறை அமைச்சர். அவரிடம் தகவல் அதிகாரியாக இருந்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் ஒரு மாலை வீட்டுக்குப் போனால், சாஸ்திரி உட்கார்ந்திருந்த அறையில் மட்டும் விளக்கு. இனி மின் கட்டணத்தை நானே கட்ட வேண்டும், எல்லா அறையிலும் எரிக்க எனக்குக் கட்டாது என்றாராம். வருமானத்துக்காகப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். பிறகு பிரதமரானார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஃபியட் கார் ஒன்று வாங்கினார். விலை 12,000 ரூபாய், கையிருப்பு 7,000. மீதி 5,000-ஐப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் இறந்தபோது கடன் பாக்கி இருந்தது. லலிதா தேவி தம் ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார்.

அவரைப் பற்றி நமக்கு வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1965 மொழிப் போராட்டத்தில் நம் பிள்ளைகள் செத்தபோது பிரதமர் அவர்தான். பிப்ரவரியில் வானொலியில் பேசி, மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி சொன்னார். அதை இன்னும் முன்பே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. உன் மகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். பேரன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருக்கிறான். அப்பாவின் கைவிளக்கு ஒன்று பரணில் கிடந்தது. துருவைச் சுரண்டி, கண்ணாடி மாற்றி வைத்திருக்கிறேன். திரி போட்டால் எரிகிறது. அதை உன் மகளுக்குக் கொடுக்க எண்ணம். ஐப்பசி மழை தொடங்குமுன் அவளையும் கூட்டிக்கொண்டு வா. கல்லகம் வரை பாசஞ்சரில் போய், அங்கிருந்து ஆற்றுக்கு நடப்போம். மூட்டுவலி என்று சொல்லாதே, மெதுவாகவே போகலாம்.

உன்
பழைய அறைத்தோழன்