கொல்லிமலை அடிவாரத்திலேயே அருவி நிலவரம் எழுதிவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர்

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: ஆகாய கங்கை அருவியின் அன்றாட நிலவரத்தை அடிவாரத்தில் அறிவிப்பது, அருவிப் படிகளில் எண் எழுதுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சனி, ஞாயிறு வந்தால் எனக்குப் பெரும்பாலும் கொல்லிமலை டிரிப்தான். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப நினைக்கும் குடும்பங்கள் வருகிறார்கள். வண்டியில் ஏறியதும் எல்லோரும் கேட்பது ஆகாய கங்கையைத்தான்.

அடிவாரத்தில் இருக்கும் காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எண் பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் உற்சாகமாக எண்ணத் தொடங்குவார்கள். பாதி மலை ஏறுவதற்குள் சத்தம் அடங்கி, பின்சீட்டிலிருந்து கவர் கேட்கும் குரல் மட்டும் வரும். இத்தனையும் தாண்டி, செம்மேடு கடந்து, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போய் இறங்கிய பிறகுதான் "இன்னைக்கு அருவிக்கு விடலைங்க" என்று தெரிகிறது. அருவியாக விழும் அய்யாற்றில் வெள்ளம் வந்தால் தடை போடத்தான் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. கீழே வெயில் காயும்போதே மேலே மழை கொட்டும் மலை இது. அந்தச் சேதி காரவல்லியிலேயே கிடைத்தால் போதும் என்கிறேன்.

அடுத்தது படிகள். ஆயிரத்துக்கும் மேல். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. குளித்து, ஈரத்துணியோடு, பசியோடு திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். ஒருமுறை என் வண்டியில் வந்த அம்மா ஒருவர் பாதி வழியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் எத்தனை படிப்பா?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டார். ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பேரன்கள் இருவர் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அப்புறம் அந்த இருட்டில் 70 வளைவும் இறங்கினோம்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். காரவல்லியிலும், முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுகிறவர்களுக்காக அந்தப் பக்க அடிவாரத்திலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அருவி திறந்திருக்கிறதா, கடைசியாக எத்தனை மணிக்கு இறங்க விடுவார்கள் என்று தினமும் காலையில் சாக்பீஸால் எழுதினால் போதும். பெரிய செலவு வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவி, சீக்குப்பாறைக் காட்சி முனை, வாசலூர்ப்பட்டி படகுத்துறை ஆகியவற்றின் பெயர்களையும் தூரத்தையும் அதே பலகையில் நிரந்தரமாக எழுதிவிடலாம். ஆகாய கங்கை என்ற ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

வளைவுகளுக்கு எண் இருப்பதுபோல, படிகளிலும் நூறு படிக்கு ஒருமுறை கண்ணில் படும்படி பெயின்ட்டில் எண் வேண்டும். அதுவும் கீழிருந்து மேலாக அல்ல, மேலிருந்து கீழாக எண்ணி. ஏறி வருகிறவருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரியும்படி.

ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிரம்பி வழியும். அதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)